எண்ணக்கரு வரைபடம்: படிப்புக்கா, சுவருக்கா?

ஜூன் 7 – கேள்வி (வலிகாமத்திலிருந்து ஒரு மாணவி)

சேர், நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன், இரண்டாம் வருடம். எங்கள் பாடசாலையில் ஒவ்வோர் அலகு முடிந்ததும் எண்ணக்கரு வரைபடம் (concept map: பாடத்தின் கருத்துகளைப் பெட்டிகளில் எழுதி அம்புகளால் தொடுக்கும் படம்) வரைந்து வரச் சொல்கிறார்கள். ஒன்று வரைவதற்கே ஒரு பின்னேரம் போய்விடுகிறது. அந்த நேரத்தில் ஒரு கடந்தகால வினாத்தாளின் பல்தேர்வு 50ஐயும் செய்து திருத்தியும் விடலாம். பரீட்சையில் வரைபடம் கேட்பதே இல்லை. ரியூசனிலும் யாரும் இதைச் செய்விப்பதில்லை. இதனால் உண்மையில் பயன் உண்டா?

ஜூன் 7, இரவு

பயன் உண்டா என்று கேட்கிறீர். எப்படி வரைகிறீர் என்று சொல்லவில்லை. கொப்பியைத் திறந்து வைத்து, உபதலைப்புகளைப் பெட்டிக்குள் எழுதி, பெட்டிகளைக் கோட்டால் தொடுத்து, நாலு நிறப் பேனையால் தீட்டுவதானால் பின்னேரம் வீண்தான். வினாத்தாளையே செய்யும்.

ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்லும். உம்முடைய அம்புக்குறிகளின் மேல் சொல் இருக்கிறதா? பெட்டி, அம்பு, பெட்டி என்று மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஒரு வசனம் வர வேண்டும். அந்த வசனம் சரியோ பிழையோ என்று யாராவது வாதாடக் கூடியதாக இருக்க வேண்டும். "இழைமணி (மைற்றோகொண்டிரியா) – கலம்" என்று வெறும் கோடு போட்டால் அதில் சரியும் இல்லை, பிழையும் இல்லை. எதையும் சொல்லாத படத்துக்கு யாரும் புள்ளி வெட்டவும் முடியாது. அதனால்தான் பிள்ளைகள் அப்படி வரைகிறார்கள்.

ஜூன் 8

இது எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கின் ஆய்வுக் குழுவில், 1972இல். முதலாம் இரண்டாம் வகுப்புச் சிறுவர்களுக்கு அடிப்படை விஞ்ஞானப் பாடங்களைக் கொடுத்து, அதே பிள்ளைகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து நேர்காணல் எடுத்தார்கள். பேச்சைப் பதிந்து எழுதிய தாள்கள் மலையாகக் குவிந்தன. இந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன விளங்கியிருக்கிறது, போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன மாறியது என்பதை அந்தத் தாள்களிலிருந்து பார்க்க முடியவில்லை. அதற்காகத்தான் பிள்ளையின் பேச்சைப் பெட்டியும் அம்புமாகப் போட்டுப் பார்த்தார்கள். பின்னால் இருந்த கொள்கை டேவிட் ஓசுபெல்லுடையது: பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தது எதுவோ, அதில் போய் ஒட்டிக்கொள்வதுதான் நிலைக்கும்.

ஆக, முதலில் இது மாணவர் செய்யும் வீட்டுவேலையாகப் பிறக்கவில்லை. மாணவரின் தலைக்குள் பார்க்க ஆய்வாளர் வைத்துக்கொண்ட கருவி. நம்முடைய பாடசாலைகளில் மாணவர் வரைகிறார். ஆசிரியர் "பார்த்தேன்" என்று கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிறார். பார்க்க வேண்டியவர் பார்க்காவிட்டால் பாதிப் பயன் அங்கேயே போய்விடுகிறது.

ஜூன் 10

"மனவரைபடம்தானே இது, பெயர் மட்டும் வேறு" என்று எழுதியவருக்கு: இல்லை. ரொனி புசான் பரப்பிய மனவரைபடத்தில் நடுவில் ஒரு தலைப்பு இருக்கும், அதிலிருந்து கிளைகள் பிரியும், கிளையிலிருந்து சிறு கிளைகள். ஒரு கிளை இன்னொரு கிளையைத் தொடத் தேவையில்லை. நினைவூட்டலுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. எண்ணக்கரு வரைபடத்தின் உயிரோ குறுக்கே ஓடும் அம்புகளில் இருக்கிறது.

ஒளித்தொகுப்பு ஓர் இடத்தில் படிப்பிக்கப்படும், கலச்சுவாசம் இன்னோர் இடத்தில். என் வகுப்பில் இரண்டையும் ஒரே தாளில் வரையச் சொன்னேன். இரண்டு தனித் தீவுகள்தான் வந்தன. இரண்டிலும் இலத்திரன் கடத்தல் உண்டு, இரண்டிலும் மென்சவ்வுக்குக் குறுக்கே புரோத்தன் செறிவு வித்தியாசம் உண்டு, அந்த வித்தியாசத்தைக் கொண்டுதான் இரண்டிலும் ஏ.ரீ.பி. (கலம் சக்திக்குப் பயன்படுத்தும் சேர்வை) உண்டாகிறது, பச்சையவுருமணிக்குள் இருக்கும் தைலக்கொயிட்டில் ஒன்று, இழைமணியின் உள்மென்சவ்வில் ஒன்று. ஒருவர்கூடக் குறுக்கம்பு போடவில்லை. இவர்கள் இரண்டு அலகிலும் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள்.

சரி, "இலைக் கலம்" என்பதிலிருந்து "இழைமணி"க்கு ஓர் அம்பு போட்டு அதன் மேல் சொல் எழுதுங்கள் என்றேன். பாதிப் பேர் எழுதியது: "இரவில் பயன்படுத்தும்."

அங்கேதான் புளியமரம் வந்தது. இரவில் புளியமரத்தடியில் படுக்காதே என்று எல்லா வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தலைமுறை பேய் என்றது. அடுத்த தலைமுறை படித்துவிட்டுக் காபனீரொட்சைட்டு என்றது. பேய்க் கதையாவது பரீட்சையில் யாரையும் பிழைவிட வைக்கவில்லை. மரம் பகலில் ஒளித்தொகுப்புச் செய்யும், இரவில் சுவாசிக்கும் என்று இரண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பகலிலும் சுவாசம் நடக்கிறது. ஒளித்தொகுப்பு அதைவிட வேகமாக நடப்பதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். நான் படிப்பித்துக்கொண்டே போயிருந்தால் இது எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. பல்தேர்வில் இந்த வினாவுக்கு மட்டும் அவர்கள் சரியான விடையை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 10, பிறகு

படுக்கையறையில் மூன்று பேர் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது பரவாயில்லை, புளியமரத்தின் கீழ்தான் மூச்சு முட்டுமாம். இதை வகுப்பில் சொன்னேன். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

ஜூன் 15

இலைவாய் (இலையில் வளி போய்வரும் நுண்துவாரம்) திறப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கேள்வி கேட்ட பிள்ளை தன் வரைபடத்தின் படத்தை அனுப்பியிருந்தார், அதில் இதுதான் இருந்தது.

"பொற்றாசியம் அயன் – திறக்கச் செய்யும் – இலைவாய்." வசனம் வாசிக்க வருகிறது, பிழையும் இல்லை. ஆனால் அந்த ஓர் அம்பு ஆறு படிகளை விழுங்கிவிட்டது. அயன்கள் துவாரத்தின் இரு பக்கமும் உள்ள காவற்கலங்களுக்குள் போகின்றன, அதனால் கலத்தின் நீர் அழுத்தம் (water potential, அமுக்கம் அல்ல) குறைகிறது, சூழவுள்ள கலங்களிலிருந்து பிரசாரணத்தால் நீர் உள்ளே வருகிறது, கலம் வீக்கமடைகிறது, துவாரத்தை அடுத்த உட்புறச் சுவர் தடித்தது, ஆகவே கலம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் விரிய முடியாமல் வளைகிறது, இரண்டு காவற்கலங்களும் வளைந்ததும் நடுவில் இடைவெளி. அமைப்புக் கட்டுரை வினாவில் புள்ளி கொடுப்பது இந்தப் படிகளுக்குத்தான், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அல்ல.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. "தொடர்புடையது", "உதவும்", "முக்கியமானது", "செல்வாக்குச் செலுத்தும்" ஆகிய நான்கும் அம்பின் மேல் வரக் கூடாது. கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வாரம் எல்லோரும் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். அந்த நான்கையும் எடுத்துவிட்டால் எழுத ஒன்றும் இல்லை என்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தி "தொடர்புடையது" என்பதற்குப் பதிலாகத் "தொடர்புபட்டது" என்று எழுதினாள். சட்டத்தரணியாக வரக் கூடியவள்.

ஜூன் 19

எதிர்பார்த்த அடி வந்துவிட்டது. 2011இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஆய்வை ஒருவர் போட்டிருக்கிறார். "வரைபடத்தைவிடத் திரும்ப நினைவுகூர்வதே சிறந்தது என்று நிரூபித்துவிட்டார்களே, இனி என்ன?"

ஆய்வு நல்ல ஆய்வு. பேர்டூ பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி கார்ப்பிக், ஜனெல் பிளன்ட் இருவரும் செய்தது. பல்கலைக்கழக மாணவருக்கு ஒரு விஞ்ஞானப் பகுதியைக் கொடுத்தார்கள். முதற் சோதனையில் அது கடல் நீர்நாய்களைப் பற்றியது. ஒரு குழு அதைப் பார்த்துக்கொண்டே எண்ணக்கரு வரைபடம் வரைந்தது. இன்னொரு குழு வாசித்தது, தாளை எடுத்துவிட்டு நினைவிலிருந்து எழுதியது, மறுபடி வாசித்தது, மறுபடி எழுதியது. ஒரு வாரம் கழித்துப் பரீட்சித்தால் நினைவிலிருந்து எழுதியவர்களே முன்னுக்கு. இறுதிப் பரீட்சையாக எண்ணக்கரு வரைபடமே வரையச் சொன்னபோதும் அவர்களே முன்னுக்கு! இதைவிடச் சுவையானது, தாங்கள் நினைவிலிருந்து எழுதியது அவ்வளவு பலன் தராது என்றுதான் மாணவர்களே நினைத்தார்கள்.

ஆனால் "பார்த்துக்கொண்டே வரைந்தது" என்ற பகுதியைக் கவனியும். அதே இருவரும் 2014இல் அடுத்ததைச் செய்தார்கள்: மூலத்தை எடுத்துவிட்டு, நினைவிலிருந்து வரைபடம் வரையச் சொன்னார்கள். அப்போது வரைபடமும் நினைவிலிருந்து பந்தியாக எழுதுவதும் ஏறக்குறைய சமமாக நின்றன. இரண்டும் திரும்பத் திரும்ப வாசித்ததை வென்றன. ஆக, வேலை செய்வது பெட்டியும் அம்பும் அல்ல, மூடிய கொப்பி. 2006இல் நெஸ்பிற், அடெசோபே இருவரும் 55 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே சாயல்தான்: வாசிப்பு, விரிவுரை இவற்றோடு ஒப்பிட்டால் வரைபடம் நன்றாகவே முன்னுக்கு, மாணவர் தாமே சுருக்கம் எழுதுவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிதளவுதான்.

எனவே ஜூன் 7இல் சொன்னதை இன்னும் இறுக்கிச் சொல்கிறேன். கொப்பியை மூடும். நீல நிறத்தில் வரையும். முடிந்ததும் திறந்து, விடுபட்டதையும் பிழையையும் சிவப்பில் போடும். மூன்றாம் நிறம் வேண்டாம். அரை மணித்தியாலத்துக்கு மேல் போனால் நிறுத்தும். அப்படிச் செய்தால் உமக்குப் பின்னேரமும் மிஞ்சும், வினாத்தாளும் செய்யலாம்.

ஜூன் 20

மேற்பார்வைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் ஒரு பாடசாலையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல்நாள் இரவு பிறிஸ்டல் போட் வாங்க ஆள் ஓடும். மறுநாள் சுவர் முழுக்க எண்ணக்கரு வரைபடம். ஒன்றைச் சுற்றித் தாமரைப்பூக் கரை வேறு போட்டிருந்தார்கள், நடுவில் மனிதக் கழிவகற்றல் தொகுதி. வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அம்பின் மேலே சொல் இருக்கிறதா என்று ஒருவரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

ஜூன் 27

ஒரு தாயார்: "இதற்கு எத்தனை புள்ளி கொடுப்பீர்கள்?"

புள்ளித் திட்டம் இருக்கிறது. நோவாக்கும் கோவினும் 1984இல் கொடுத்தது: சரியான கூற்று ஒவ்வொன்றுக்கும் 1, படிநிலை ஒவ்வொன்றுக்கும் 5, நல்ல குறுக்கிணைப்புக்கு, அதாவது குறுக்கம்புக்கு, 10, உதாரணத்துக்கு 1. நானும் ஒருமுறை வகுப்பில் இதை அறிவித்தேன். குறுக்கிணைப்புக்குப் பத்து என்றதும் வரைபடம் முழுவதும் சிலந்தி வலையாகிவிட்டது. "பனை" என்ற பெட்டியிலிருந்து "சிறுநீரகம்" என்ற பெட்டிக்கு நீண்ட அம்பு, மேலே "இரண்டுக்கும் நீர் தேவை." மறுக்க முடியாத உண்மை. பத்துப் புள்ளி கேட்டு மேசைக்கு வந்து நின்றான்.

அதன் பிறகு புள்ளி போடுவதில்லை. ஒவ்வொரு வரைபடத்திலும் எனக்குச் சந்தேகமான ஓர் அம்பைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன். மறுநாள் எழுந்து நின்று அந்த அம்பை விளக்க வேண்டும்.

ஜூலை 4

கருவிகள் பற்றி. புளோரிடாவிலிருந்து வந்த சீமப் ரூல்ஸ் (CmapTools) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, இந்த வேலைக்கென்றே செய்தது. நல்லது. ஆனால் என் வகுப்புக்குக் கணினி அறை கிடைக்கிற நாளில் மின்சாரம் இருக்காது. நாட்காட்டித் தாள் போதும். தினமும் கிழிக்கும் நாட்காட்டியின் தாள்களைச் சேர்த்து வைத்து, பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு சொல்லாக எழுதி, மேசையில் பரப்பி நகர்த்தட்டும். தாளில் வரைந்துவிட்டால் பிள்ளைகளுக்கு அழிக்க மனம் வருவதில்லை. பிழையான இடத்தில் பெட்டி நின்றாலும் அம்பை வளைத்து வளைத்துச் சமாளிப்பார்கள். துண்டென்றால் தூக்கி வைக்கலாம். இராகு காலம் பின்னால் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம்.

ஜூலை 12

நைத்திரசன் வட்டத்தைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வரையச் சொன்னால் எல்லோருடையதும் ஒன்றுபோல வரும். ஆகவே துண்டுகளில் வேறு சொற்களும் கலந்து கொடுத்தேன்: யூரியா, அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, சுண்ணாம்புக்கல், கிணறு, மலசலகூடக் குழி, வெங்காயம், ஈமோகுளோபின், கைக்குழந்தை.

நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் தங்கிய மழைநீர். மேலே போட்டது கீழே போக அதிக நேரம் எடுக்காது. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நைத்திரசன் வட்டமும் தெரியும். இரண்டும் ஒரே தாளில் சந்தித்ததில்லை.

உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக்காரப் பிள்ளை ஒருவன், நான் கொடுக்காத ஒரு துண்டைத் தானே எழுதிச் சேர்த்தான்: "இறைப்பு". வெங்காயத்துக்கு வேர் ஆழமில்லை, அடிக்கடி இறைக்க வேண்டும், இறைக்கிற தண்ணீர் பசளையையும் கொண்டு கீழே போகும் என்றான். யூரியாவிலிருந்து அமோனியா, அதிலிருந்து பற்றீரியாக்களால் நைத்திரைற்று, நைத்திரேற்று, அங்கிருந்து அவனுடைய இறைப்பு வழியாகக் கிணறு. மலசலகூடக் குழியிலிருந்தும் அதே கிணற்றுக்கு ஓர் அம்பு. அதை எழுதும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு.

கிணற்றிலிருந்து ஈமோகுளோபினுக்குப் போவதுதான் யாருக்கும் வரவில்லை. அந்த ஒரு பாலத்தை நான் போட்டேன்: நைத்திரேற்று குழந்தையின் உணவுக் கால்வாயில் பற்றீரியாக்களால் நைத்திரைற்றாகும்; அது ஈமோகுளோபினின் இரும்பை ஒட்சியேற்றும்; அந்த ஈமோகுளோபின் ஒட்சிசனைக் காவாது; குழந்தை நீலம் பாரிக்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளே அதிக ஆபத்தில். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்ற எல்லையை வைத்திருப்பதும் அவர்களை மனதில் வைத்துத்தான். மண் அலகும் குருதி அலகும் ஒரு தாளில் சேர்ந்துகொண்டன. பனையும் சிறுநீரகமும் சேர்ந்ததுபோல அல்ல, கணக்காகச் சேர்ந்தன.

கொதிக்க வைத்தால் நைத்திரேற்றுப் போய்விடுமா என்று ஒருத்தி கேட்டாள். போகாது, நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடத்தான் செய்யும். வீட்டில் போய்ச் சொல்லியிருப்பாள்.

ஜூலை 13

"பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்தாரே, எண்ணக்கரு வரைபடமா வரைந்தார்?" என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, அவருடைய மாணவர்களுக்கு முன்னால் நோயாளி இருந்தார். பிழையாகத் தொடுத்தால் உடனே தெரிந்துவிடும். என் மாணவர்களுக்கு முன்னால் வினாத்தாள் மட்டும்தான் இருக்கிறது.

ஜூலை 21

இவ்வளவு புகழ்ந்த பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

வரைபடத்தில் ஒழுங்கு இல்லை. எது முதல், எது பிறகு என்று அது சொல்லாது. இரண்டாம் வினாத்தாளில் கட்டுரை எழுதும்போது வேண்டியது ஒழுங்குதான். நல்ல வரைபடம் வரையும் சிலர் கட்டுரையில் அங்கும் இங்கும் தாவுகிறார்கள், தாளில் கண் ஓடிய வழியில் பேனையும் ஓடுவதால். இப்போது அம்புகளுக்கு இலக்கம் போடச் சொல்கிறேன், இலக்கப்படி வசனமாக்கி எழுதச் சொல்கிறேன். அது தனி வேலை, நேரம் எடுக்கும்.

இன்னொன்று, மேலிருந்து கீழ் இறங்கும் நோவாக் பாணி வரைபடம் வட்டமாகச் சுழல்வதற்கு ஒத்துவராது. குருதியில் குளுக்கோசு கூடினால் இன்சுலின், குறைந்தால் குளுக்ககோன், அளவு பழைய நிலைக்கு வந்ததும் சுரப்புத் தணியும். இதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. பிள்ளைகள் "ஒருசீர்த்திடநிலை" (உடலின் உள்நிலையை மாறாமல் வைத்திருத்தல்) என்று மேலே ஒரு பெட்டி போட்டு, இன்சுலினையும் குளுக்ககோனையும் அண்ணன் தம்பி போலக் கீழே தொங்கவிடுகிறார்கள். பின்னூட்டல் காணாமல் போய்விடுகிறது. அந்த அலகுக்கு நான் வட்டம்தான் போடுகிறேன், அம்பின் மேல் "கூடும்", "குறையும்" என்ற இரண்டு சொற்கள் மட்டும்.

ஒரு மாணவன் வரைபடத்தையே வெறுக்கிறான். பந்தி பந்தியாக, படி தவறாமல் எழுதுவான். அவனை விட்டுவிட்டேன். அவனுடைய பந்தியில் அம்புக்கு வேண்டிய சொல் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகஸ்ட் 11

நல்லூர்க் கொடியேறிவிட்டது, இந்த 25 நாளும் பின்னேர வகுப்பில் பாதிப் பேர்தான். அதனால் இங்கே எழுத நேரம் கிடைக்கிறது.

கேள்வி கேட்ட பிள்ளை புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறார்: ஒடுக்கற்பிரிவு (நிறமூர்த்த எண்ணிக்கை பாதியாகும் கலப்பிரிவு), மூடிய கொப்பி, நீலம் சிவப்பு இரண்டே நிறம். வாழ்க. சிவப்பு அதிகமாக இருக்கிறது என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர். நாளைக்குப் படிக்க வேண்டியது எது என்பதை அந்தச் சிவப்புத்தான் சொல்லும்.

ஒரே ஓர் அம்பைச் சுற்றி வட்டம் போடுகிறேன். "ஒடுக்கற்பிரிவு – தோற்றுவிக்கும் – மாறல்." மாறல் என்பது ஒரே இனத்துக்குள் ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு. இந்த அம்புக்குள் இரண்டு தனி நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன. அமைப்பொத்த நிறமூர்த்தங்கள் சோடி சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்வது முதலாம் முன்னவத்தையில்; அந்தச் சோடிகள் ஒன்றையொன்று சாராமல் மத்திய தளத்தில் ஒழுங்காவது முதலாம் அனுவவத்தையில். வெவ்வேறு அவத்தை, வெவ்வேறு பொறிமுறை. உம்முடைய படத்தில் அவத்தைகள் எல்லாம் இடப்பக்கம் வரிசையாக நிற்கின்றன, மாறல் வலப்பக்கம் தனியே நிற்கிறது. அந்த ஓர் அம்பை அழித்துவிட்டு இரண்டு அம்புகளைச் சரியான அவத்தைகளிலிருந்து கொண்டுவாரும். கருக்கட்டலையும் சேர்க்கலாம், அதுவும் மாறலுக்குக் காரணம், ஆனால் ஒடுக்கற்பிரிவுக்கு வெளியே நிற்கிறது.

ஆகஸ்ட் 14

அடுத்தது விலங்குப் பாகுபாடு, அதற்கும் வரைய வேண்டுமா என்று கேட்கிறீர். வேண்டாம். கணங்களை ஒரு பக்கமும் இயல்புகளை மேலேயும் வைத்து அட்டவணை போடும். சமச்சீர், உடற்குழி, துண்டுபடல், குருதிச் சுற்றோட்டம். மூடிய கொப்பி, இரண்டு நிறம், அதே சட்டம். பாடசாலையில் வரைபடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அட்டவணை முடிந்த பிறகு "உடற்குழி" என்ற ஒற்றைப் பெட்டியிலிருந்து தொடங்கி, அது இருப்பதால் மண்புழுவால் என்ன செய்ய முடிகிறது, தட்டைப்புழுவால் ஏன் முடியவில்லை என்று மட்டும் வரைந்து கொடும்.